சிங்கப்பூர் கிராண்ட் பிரீ: சீட்டா, நடையா, சனிக்கிழமை மட்டுமா, வீட்டு டிவியா?

ஒவ்வொரு வருஷமும் சிங்கப்பூர் ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியதும் அதே கேள்விதான் வருகிறது. "கிராண்ட்ஸ்டாண்ட் எடுத்தால் கையைக் கடிக்குது, வாக்அபவுட் எடுத்தால் ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்றாங்க, என்ன பண்றது?" (கிராண்ட்ஸ்டாண்ட் என்றால் எண் போட்ட சீட், வாக்அபவுட் என்றால் சீட் இல்லாமல் நடந்து நின்று பார்க்கும் டிக்கெட்.) அப்புறம் இன்னொருவர், "இந்தக் காசுக்கு வீட்டிலேயே பெரிய டிவி வாங்கிடலாமே" என்பார். எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறோம்.

நம்மூரிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய எஃப்1 ரேஸ்கள் இப்போது குறைவு. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று வருஷம் நடந்து நின்றுபோனது. மலிவாகப் போய்வந்துகொண்டிருந்த மலேசியாவின் செபாங் 2017-உடன் முடிந்தது. மிச்சம் சிங்கப்பூர், அபுதாபி, கொஞ்சம் தள்ளி பஹ்ரைன், கத்தார். சென்னையிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம் என்பதாலும், இறங்கினால் இட்லி கிடைக்கும் என்பதாலும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது சிங்கப்பூரைத்தான். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அபுதாபி பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

ஒன்று, நீங்கள் பார்க்க விரும்புவது காரையா, ரேஸையா? இதை முடிவு செய்யாமல் டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் திரும்பி வந்து ஏமாந்த மாதிரி பேசுகிறார்கள். மெரினா பே சாலைப் பாதை ஏறக்குறைய 4.9 கிலோமீட்டர், 62 லேப் (சுற்று). 2024-ல் லாண்டோ நாரிஸ் ஜெயித்தபோது சராசரியாக ஒரு லேப்புக்கு 97 நொடி சொச்சம் ஆனது. நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கார் அந்த 97 நொடியில் நாலைந்து நொடிதான் உங்கள் கண்முன் இருக்கும். மிச்ச நேரத்தில் அந்த டிரைவருக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் திரையில்தான் தெரியும். கார் என்றால் நேரில்தான் பார்க்க வேண்டும், அதற்கு மாற்றே கிடையாது. முழு ரேஸ் என்றால் டிவி நன்றாகவே காட்டுகிறது.

இரண்டு, ரேஸ் முடிந்து நண்பர்களோடு பேசும்போது உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும். டயர் உத்தி, பிட் ஸ்டாப் (ரேஸ் நடுவே டயர் மாற்ற நிற்பது), டீம் ரேடியோ (டிரைவரும் டீமும் பேசிக்கொள்வது) என்று அலசுவதுதான் உங்களுக்குப் பாதி சந்தோஷம் என்றால் இது பெரிய விஷயம்.

மூன்று, உடம்பு. இரவு ரேஸ்தானே, குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2025-ல் இங்கேதான் எஃப்1-ஐ நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ முதன்முறையாக வெப்ப அபாய எச்சரிக்கை அறிவித்தது. ராத்திரி எட்டு மணிக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

நாலு, மொத்தச் செலவு. டிக்கெட் விலை அதில் ஒரு பங்குதான்.

ஐந்து, கூட யார் வருகிறார்கள். கல்லூரி நண்பர்களோடு போவதும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதும் ஒன்றல்ல.

| | வாக்அபவுட் | கிராண்ட்ஸ்டாண்ட் | சனி மட்டும் | வீட்டில் |
|---|---|---|---|---|
| காரை நெருங்கிப் பார்ப்பது | மிக நன்று, பல இடங்களில் | நன்று, ஒரே இடத்தில் | மிக நன்று | இல்லை |
| ரேஸ் புரிவது | குறைவு | பெரிய திரை எதிரே இருந்தால் பரவாயில்லை | குவாலிஃபையிங் (தொடக்க வரிசையை முடிவு செய்யும் ஓட்டம்) நன்றாகப் புரியும் | முழுசாக |
| உடம்புக்கு | கடினம் | தாங்கலாம், மழை வந்தால் சிரமம் | ஒரு நாள்தான் | கஷ்டமே இல்லை |
| டிக்கெட் செலவு | நடுத்தரம் | அதிகம், சில ஸ்டாண்டுகள் மிக அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| யாருக்கு | நண்பர்கள், முதல்முறை போகிறவர்கள் | பெற்றோர், பிள்ளைகளோடு போகிறவர்கள் | லீவு குறைவானவர்கள் | உத்தி, புள்ளிக்கணக்கு பிரியர்கள் |

## வாக்அபவுட்: சீட் இல்லாத டிக்கெட்

இதில் இரண்டு வகையை மனதில் வையுங்கள். ரேஸ் நடக்கும் இடத்தை ஸோன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். பாடாங் மைதானம் இருக்கிற ஸோன் 4-க்குள் மட்டும் நடமாட விடுவது மலிவு. பிரீமியர் வாக்அபவுட் என்றால் எல்லா ஸோனுக்கும் போகலாம், முதல் மூன்று வளைவுகள் இருக்கும் ஸோன் 1 உட்பட. காரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பிரீமியருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. நல்ல இசை கேட்டு, இடையிடையே கார் பார்த்தால் போதும் என்றால் ஸோன் 4 தாராளம், ஏனென்றால் பெரிய மேடை அங்கேதான்.

வாக்அபவுட்டின் அருமை வெள்ளிக்கிழமைதான் தெரியும். கூட்டம் அவ்வளவு இருக்காது. ஒரு வளைவில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு அடுத்ததற்கு நகரலாம். ஏழாவது வளைவுக்கு முன்னால் ராஃபிள்ஸ் பொலவார்டில் முன்னூறை நெருங்கும் வேகத்தில் வருகிற கார் பிரேக் போடுகிற இடத்தை வேலி ஓரமாக நின்று பாருங்கள். சக்கரத்துக்குள் பிரேக் தட்டு செக்கச்சிவந்து ஒளிர்கிறது. கியர் ஒவ்வொன்றாக இறங்கும்போது இன்ஜின் படபடவென்று வெடிக்கிறது. மேடு வந்தால் அடித்தளம் உரசித் தீப்பொறி பறக்கிறது, ஒரு நொடி கழித்து எரிந்த ரப்பர் வாசனை மூக்குக்கு வருகிறது. ஆண்டர்சன் பாலத்தின் குறுகலான வழியில் கார் சுவரை ஒட்டி நுழைவது வேறு ரகம். அதே சுவருக்குப் பக்கத்தில் ஒரு டிரைவர் தைரியமாகவும் இன்னொருவர் தயங்கியும் போவதை வெறும் கண்ணாலேயே பிரித்துச் சொல்ல முடியும். டிவியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எஃப்1-ஐ நேசிக்கிறவர் ஒருமுறையாவது இதைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஞாயிறு அப்படி இருக்காது. நின்று பார்ப்பதற்கான நல்ல மேடைகளில் சாயங்காலத்திலிருந்தே ஆட்கள் இடம் பிடித்து நிற்பார்கள். இடத்தை விட்டுக் கழிவறைக்குப் போனால் திரும்பும்போது இடம் இருக்காது, அதனால் மூன்று பேராகப் போவது நல்லது. ரேஸ் எட்டு மணிக்கு, முடிய ஒன்றே முக்கால் மணி நேரம், அதற்கு முன்னால் நீங்கள் நின்றது மூன்று மணி நேரம். குள்ளமானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். போட்டோ எடுக்கலாம் என்று நினைத்தால் கம்பி வேலிதான் படத்தில் விழும்.

மறைந்திருக்கிற செலவும் உண்டு. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது, உள்ளே நூடுல்ஸ் முதல் எல்லாச் சாப்பாடும் விலை. ஸோன் 4-லிருந்து ஸோன் 1-க்கு நடந்து போவது கூட்ட நேரத்தில் அரை மணி நேரம்கூட ஆகும், அந்த நேரத்தில் நீங்கள் பார்க்க வந்த பயிற்சி ஓட்டம் பாதி முடிந்திருக்கும். செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், நன்றாகப் பழகிய ஷூ வேண்டும்.

## கிராண்ட்ஸ்டாண்ட்: எந்த ஸ்டாண்ட் என்பதுதான் கேள்வி

எண் போட்ட சீட், அவசரமில்லாமல் ஏழு மணிக்கு வந்து உட்காரலாம், இதற்குத்தான் காசு. ஆனால் விலை அதிகம் என்றால் காட்சியும் அதிகம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

பிட் கிராண்ட்ஸ்டாண்ட் மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று. தொடக்க வரிசை, பிட் ஸ்டாப், முடிவுக் கொடி எல்லாம் உங்கள் முன்னால். இரண்டு நொடியில் நாலு டயரும் மாறுவதைப் பார்க்கலாம். கார்களைப் பொறுத்தவரை அவை நேர்ப்பாதையில் விர்ரென்று போய்விடும், யாரும் யாரையும் முந்துவதை இங்கே அதிகம் பார்க்க முடியாது. டீம்கள் வேலை செய்வதைப் பார்க்கப் பிடிக்கும் என்பவருக்கு மட்டும்தான் இந்த விலை தகும்.

முதல் வளைவு ஸ்டாண்ட், ரேஸின் மிக முக்கியமான பத்து நொடியை உங்களுக்குத் தரும். 2017-ல் ஈரச் சாலையில் வெட்டலும் ரைக்கோனனும் வெர்ஸ்டாப்பனும் மோதி, முதல் வளைவை எட்டும் முன்பே சாம்பியன்ஷிப் கணக்கு மாறிப்போனதை நேரில் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்தான். தொடக்கம் முடிந்த பிறகும் சும்மா இருக்காது, முந்தல் முயற்சிகள் வந்துகொண்டே இருக்கும்.

ஸ்டாம்ஃபோர்டு, ஏழாவது வளைவை ஒட்டியது. முந்த முடிகிற இடம் என்றால் இங்கே இதுதான் முதலில். பெயர் பெற்ற ஸ்டாண்ட் இல்லை, ஆனால் ரேஸைப் பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். பாடாங் ஸ்டாண்டில் பழைய சிட்டி ஹால் கட்டடம் பின்னணியில் ஒளிர, பார்க்க அழகாக இருக்கும், இசை மேடையும் பக்கம், ஆனால் கார் உங்களைக் கடந்து போவதைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காது. கச்சேரியும் வேண்டும், உட்காரவும் வேண்டும் என்றால் சரி.

எந்த ஸ்டாண்டானாலும் மூன்றைப் பார்த்து வாங்குங்கள்: எதிரில் பெரிய திரை இருக்கிறதா, வரிசை உயரத்தில் இருக்கிறதா (கீழ் வரிசைகளில் வேலி குறுக்கே நிற்கும்), அந்த டிக்கெட் எந்த ஸோன்களுக்குள் விடும். மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஸோன் 4 ஸ்டாண்ட் சீட் வாங்கிவிட்டு முதல் வளைவுப் பக்கம் போய் வரலாம் என்று நினைத்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் மழை. பெரும்பாலான ஸ்டாண்டுகளுக்குக் கூரை கிடையாது. 2022-ல் மழையால் ரேஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. குடையை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அதனால் ஆளுக்கொரு ரெயின்கோட் பையில் இருக்கட்டும்.

பெற்றோரோடு போனால், முட்டி வலி இருந்தால், பிள்ளை பத்து வயதுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சீட்டுதான். நாலைந்து பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் சீக்கிரமே வாங்க வேண்டும், தாமதித்தால் ஒற்றை ஒற்றையாகத்தான் மிஞ்சும். மூன்று நாளும் வெவ்வேறு ஸ்டாண்டில் உட்கார வைக்கும் கலவை டிக்கெட்டும் விற்கிறார்கள். ஒரே இடத்தில் மூன்று நாள் என்ற அலுப்பு அதில் இல்லை.

## சனிக்கிழமை மட்டும்

இதை யாரும் யோசிப்பதில்லை, எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த வழி.

இந்தப் பாதையில் முந்துவது கஷ்டம், அதனால் முதலிடத்தில் தொடங்குவது பாதி வெற்றி. 2023-ல் சைன்ஸ், 2024-ல் நாரிஸ், 2025-ல் ரசல், மூவருமே போல் பொசிஷனிலிருந்துதான் ஜெயித்தார்கள். அதாவது அந்த மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமையின் முடிவுக்கு அடித்தளம் சனிக்கிழமை ராத்திரியே போடப்பட்டது. குவாலிஃபையிங்கில் பெட்ரோல் குறைவாக, புது டயரோடு, ஒவ்வொரு காரும் தனித்தனியாக, முழு வேகத்தில் வரும். 2018-ல் ஹாமில்டன் ஓட்டிய 1 நிமிடம் 36.015 நொடி லேப்பை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். காரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கார் மிக வேகமாக ஓடுகிற நாள் இதுதான்.

2026-ல் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. அக்டோபர் 9 முதல் 11 வரை நடக்கும் அந்த வாரம் சிங்கப்பூருக்கு முதல் ஸ்பிரின்ட் வாரம், அதாவது முக்கிய ரேஸுக்கு முன்னால் ஒரு குட்டி ரேஸும் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பயிற்சி ஓட்டமும் ஸ்பிரின்ட் குவாலிஃபையிங்கும். சனிக்கிழமை சுமார் நூறு கிலோமீட்டர் ஸ்பிரின்ட் ரேஸும் முக்கிய குவாலிஃபையிங்கும். ஒரே நாளில் ஒரு ரேஸும் குவாலிஃபையிங்கும். புது விதிமுறைப்படி கட்டிய கார்கள் வேறு, டிஆர்எஸ் (முன்னால் போகும் காரை ஒரு நொடிக்குள் நெருங்கினால் பின்சிறகைத் திறந்து வேகம் கூட்டிய வசதி) போய்விட்டது, பேட்டரி பங்கு கூடிவிட்டது, 11 டீம், 22 கார்.

ஞாயிறு காலை விமானம் பிடித்தால் மதியம் வீட்டில் இருக்கலாம். ரேஸ் நம் நேரத்துக்குச் சாயங்காலம் ஐந்தரை. முந்தின நாள் நேரில் பார்த்த வளைவுகளை டிவியில் பார்க்கும்போது எந்த இடத்தில் சாலை மேடு, எங்கே சுவர் நெருக்கம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை லீவும் போட வேண்டாம்.

குறை என்ன? விமானம், விசா, ரூம் எல்லாம் ஒரு நாளுக்காகச் செலவாகும். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு நாள் டிக்கெட் மூன்று நாள் டிக்கெட்டை விட விலை கூட. விளக்குகள் அணைந்து இருபத்திரண்டு கார் ஒன்றாகப் பாயும் அந்தச் சத்தத்தை ஸ்பிரின்டிலும் கேட்கலாம் என்பதால் 2026-க்கு இந்தக் குறை இல்லை. ஸ்பிரின்ட் இல்லாத வருஷமாக இருந்தால் அதை இழப்பீர்கள், அது சின்ன இழப்பு இல்லை.

## வீட்டில், நண்பர்களோடு

இதைக் கடைசி வழி என்று சொல்லவே மாட்டேன். 2023 ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் ரெட் புல் டீம் தோற்ற ஒரே ரேஸ். கடைசி லேப்களில் சைன்ஸ் முன்னால், நாரிஸ் பின்னால், அவருக்குப் பின்னால் புது டயரோடு ரசலும் ஹாமில்டனும் துரத்திக்கொண்டு வருகிறார்கள். சைன்ஸ் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நாரிஸை ஒரு நொடிக்குள் வைத்துக்கொண்டார், நாரிஸுக்கு டிஆர்எஸ் கிடைத்தது, அதனால் ரசலும் ஹாமில்டனும் ஓட்டிய மெர்சிடிஸ் கார்களால் நாரிஸைத் தாண்ட முடியவில்லை, சைன்ஸ் தப்பித்தார். கடைசி லேப்பில் ரசல் பத்தாவது வளைவில் சுவரில் மோதினார். டிவியில் பார்த்தவர்களுக்கு டீம் ரேடியோவோடு இந்த நாடகம் முழுக்கத் தெரிந்தது. பாதையோரம் இருந்தவர்களில் பலருக்கு நாலு கார் நெருக்கமாகப் போனது மட்டும்தான் தெரிந்தது, காரணம் ரூமுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்திருக்கும்.

2024-ல் ரிக்கியார்டோ கடைசி நேரத்தில் புது டயர் போட்டு, அப்போது ஒரு புள்ளி தந்த மிக வேகமான லேப்பை எடுத்து, நாரிஸின் அந்தப் புள்ளியைப் பறித்தது சரியா தவறா என்று எத்தனை நாள் பேசினோம்! அந்த மாதிரி விவாதத்துக்கு எண்ணும் நேரமும் கையில் இருக்க வேண்டும். நேரில் போனவரிடம் அவை இருக்காது.

ஆளாளுக்கு அவரவர் வீட்டில் பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் பேசுவதில் ஒரு தொல்லை. ஒவ்வொருவர் வீட்டு ஒளிபரப்பும் சில பத்து நொடி முன்பின் ஓடும், முந்தலை நீங்கள் பார்க்கும் முன்பே மச்சான் "அடிச்சான் பாரு" என்று போட்டுவிடுவார். ஒரே வீட்டில் கூடிப் பார்ப்பதுதான் சரி. வீட்டில் கிடைக்காதது காரின் சத்தமும் அதிர்வும். அந்த ஏக்கம் கொஞ்சம் தீர வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ நடக்கும் தேசியப் போட்டி ஒன்றுக்குப் போய் வாருங்கள். நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் எஃப்1 வரை போன மண் இது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியபோது வந்த கூட்டத்தில் முதல்முறையாக ரேஸ் கார் சத்தம் கேட்டவர்கள் நிறைய.

## டிக்கெட்டில் எழுதாத செலவு

ரூம்தான் பெரியது. ரேஸ் வாரத்தில் ஹோட்டல் விலை தாறுமாறாக ஏறும், சில இடங்களில் குறைந்தது மூன்று இரவு எடுத்தால்தான் தருவார்கள். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் மேலே வரும் என்று அர்த்தம், பார்த்த விலையை அப்படியே கணக்கில் எழுதாதீர்கள். ரேஸ் பாதையைப் பார்த்த ரூம் வேண்டாம். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் டவுன்டவுன் வழித்தட ரயிலில் மூன்றாவது நிலையம் ப்ரொமனாட், ரேஸ் நடக்கும் இடத்தை ஒட்டியது. சாலைகளை அடைத்துவிடுவதால் டாக்ஸியை நம்பிப் பயனில்லை. காலையில் சிராங்கூன் சாலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனால் உள்ளே ஆகும் செலவு பாதியாகக் குறையும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், பயணத்துக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். வருகை அட்டையை அரசுத் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம், காசு கேட்கும் தளம் எதிலும் நிரப்பாதீர்கள். வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் மூன்றரை சதவீதம் வரை பிடிக்கும் கார்டுகள் உண்டு, உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அபுதாபி எப்போது?

துபாயிலோ அபுதாபியிலோ அக்கா வீடு, சித்தப்பா வீடு இருந்தால் அங்கே போங்கள். ரூம் செலவு போய்விட்டால் சிங்கப்பூர் ஸோன் 4 காசுக்கு அங்கே நல்ல இடமே பார்க்கலாம். டிசம்பரில் வெயில் தணிந்திருக்கும், ரேஸ் மாலை ஐந்துக்குத் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் முடியும். சீசனின் கடைசி ரேஸ் என்பதால் பட்டமே அங்கே முடிவாகலாம். 2010, 2016, 2021-ல் அப்படித்தான், 2025-ல் நாரிஸ் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனதும் அங்கேதான். ஆனால் அபுதாபி ரேஸ் நடக்கும் யாஸ் மரீனாவில் ஓரங்களில் அகலமான இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள், சுவரை உரசும் அந்தப் பதைப்பு சிங்கப்பூரில்தான். காரைப் பார்க்கப் போகிறவர் சிங்கப்பூர், பட்டத்துக்கான முடிவைப் பார்க்கப் போகிறவர் அபுதாபி என்று பிரித்துக்கொள்ளலாம்.

## நான் சொல்வது

முதல்முறை, இளவட்டம், நண்பர்களோடு: பிரீமியர் வாக்அபவுட், வெள்ளியும் சனியும் நன்றாகச் சுற்றுங்கள், ஞாயிறு ஏதாவது பெரிய திரைக்கு எதிரில் இடம் பிடியுங்கள். குடும்பத்தோடு: ஏழாவது வளைவு அல்லது முதல் வளைவு பக்கம் மேல் வரிசை சீட். பணமும் லீவும் குறைவு: 2026-க்குச் சனிக்கிழமை ஒரு நாள் டிக்கெட். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் இந்த வருஷம் வீட்டிலேயே நாலு பேர் கூடிப் பாருங்கள், சிங்கப்பூருடனான ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது.

எதை முடிவு செய்தாலும் முதலில் போட வேண்டியது ரூம்தான், அதுவும் இலவசமாக ரத்து செய்யும் வசதி உள்ளதாக. அதைப் போட்டு வைத்துவிட்டு டிக்கெட்டைப் பற்றி இரண்டு வாரம் வீட்டில் பேசி முடிவெடுக்கலாம்.